பொம்மைக் கம்பெனிக்கு ஒரு பேச்சு, சட்டத்துக்கு ஒரு பேச்சு

13 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றிய விவரங்களை, பெற்றோரின் சம்மதமின்றி இணைய நிறுவனங்கள் திரட்டக் கூடாது என்கிறது அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்ட காப்பா சட்டம். முதலில் பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்றவையே விவரம் என்று கொள்ளப்பட்டன. 2013இல் குக்கி முதலிய அடையாள எண்களும் அதில் சேர்ந்தன. நேற்று பொம்மை ரயில் வீடியோ பார்த்த அதே போன்தான் இன்று பாட்டு கேட்கிறது என்று அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். விளம்பரதாரருக்கு அது போதும். குழந்தையின் பெயர் தேவையில்லை.

யூடியூப் சிக்கியது இங்கேதான். மேட்டல், ஹாஸ்ப்ரோ போன்ற பொம்மை நிறுவனங்களிடம், குழந்தைகளைச் சென்றடைவதில் தானே முன்னணி என்று சொல்லி விளம்பரம் பிடித்தது. காப்பா பற்றிக் கேட்ட ஒரு விளம்பர நிறுவனத்திடமோ, தன் தளத்தில் 13 வயதுக்குட்பட்டவர்களே இல்லை என்றது. இரண்டும் எப்படி உண்மையாகும்? காப்பாவை மீறியதாக எழுந்த வழக்கில் 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதில் 13.6 கோடி அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கு, மீதி நியூயார்க் மாநிலத்துக்கு. கூகுளின் வருமானத்துக்கு இது சில்லறை.

இதையடுத்து 2020 ஜனவரி முதல், யூடியூபில் ஒரு வீடியோ குழந்தைகளுக்கானதா என்பதை அதை ஏற்றுபவரே குறிப்பிட வேண்டும். ஆம் என்றால், பார்ப்பவரை வைத்துத் தேர்ந்தெடுக்கும் விளம்பரம் வராது. கருத்துப் பகுதியும் மூடப்படும். அம்மாவின் போனில், அம்மாவின் கணக்கில் குழந்தை பார்த்தாலும் இந்தக் காப்பு உண்டு. ஆனால் ஆம் என்று குறித்தால் விளம்பர வருமானம் குறையும். அந்தப் பொறுப்பை வருமானம் இழக்கப்போகிறவரிடமே விட்டதுதான் இந்த ஏற்பாட்டின் ஓட்டை. டிஸ்னி தன் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிக்காமல், சேனலுக்கு மொத்தமாக ஒரே குறி போட்டுவந்தது. ‘ஃப்ரோசன்’, ‘டாய் ஸ்டோரி’ படங்கள் தொடர்பானவை உட்பட 300க்கு மேற்பட்ட வீடியோக்களின் குறியை 2020இல் யூடியூபே ‘ஆம்’ என்று மாற்ற நேர்ந்தது. அதன் பிறகும் டிஸ்னி தன் வழக்கத்தை விடவில்லை என்பது கமிஷனின் குற்றச்சாட்டு. 2025இல் ஒரு கோடி டாலர் கட்ட டிஸ்னி இசைந்தது.

அமெரிக்கச் சட்டம் 13 வயதோடு நிற்க, இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எவரையும் குழந்தை என்கிறது. குழந்தைகளைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம்.