குளிர்நாட்டு ஜன்னலும் நெகிரி செம்பிலான் வீடும்

சிரம்பானையும் நீலாயையும் சுற்றி, முன்பு பால்மரங்களும் பின்னர் செம்பனையும் நின்ற நிலங்களில் எழுந்திருக்கும் வரிசை வீடுகளில், தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் பல குடியேறி ஒரு தலைமுறைக் காலம் கடந்துவிட்டது. கண்ணாடிப் பட்டைகள் உடைந்து, பிடிகள் துருவேறி, மழைச்சாரலைத் தடுக்க இயலாமற்போன பழைய 'நாக்கோ' ஜன்னல்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்தும் வேலை இப்போது அவ்வீடுகளில் நடந்துவருகிறது. எதை வாங்குவது என்று விசாரிக்கும்போது, கடைக்காரர் காட்டும் விளம்பரத் தாளிலும், டொரொன்டோவிலோ லண்டனிலோ வாழும் உறவினர் தொலைபேசியில் சொல்லும் யோசனையிலும், இரட்டைக் கண்ணாடி, ஆர்கான் வாயு, மின்சாரச் சிக்கனம் என்னும் வார்த்தைகள் தவறாமல் வருகின்றன. குளிர்நாட்டில் அவை முற்றிலும் உண்மையான வார்த்தைகள். அந்த உண்மையில் எவ்வளவு பாகம் நம்முடைய சீதோஷ்ணத்துக்குப் பொருந்தும் என்று பிரித்துப் பாராமல் பணத்தைக் கொடுத்துவிட்டால், ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவழித்த பிறகும் அறை பழையபடியே புழுங்கும்.

குளிர்நாட்டு ஜன்னலின் தர்மம், அறைக்குள் மூட்டிய உஷ்ணத்தை வெளியே போகவிடாமல் காப்பது. ஒரு சதுர மீட்டர் ஜன்னல் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது எத்தனை வாட் உஷ்ணம் கடந்துபோகிறது என்பதைக் காட்டும் எண்ணை யு மதிப்பு என்பார்கள். ஒற்றைக் கண்ணாடிக்கு அது ஏறக்குறைய 5.8, இடையில் காற்று அடைபட்ட இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 அளவில், உலோகப் பூச்சும் ஆர்கான் வாயுவும் சேர்ந்தால் 1.2 வரை இறங்கும். கனடாவின் 'எனர்ஜி ஸ்டார்' முத்திரைக்கு 2020-இல் விதித்த வரம்புகளுள் ஒன்று 1.22. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியும் உள்ளே 20 டிகிரியுமாக இருக்கும் ஓர் இரவில், டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் உள்ள ஒரு தமிழ் வீட்டின் ஒன்றரைச் சதுர மீட்டர் ஜன்னல், ஒற்றைக் கண்ணாடியானால் சுமார் 350 வாட் உஷ்ணத்தை ஓயாமல் இழக்கும். நல்ல இரட்டைக் கண்ணாடியானால் அந்த இழப்பு 75 வாட்டுக்குள் அடங்கும். வீடு முழுவதும் பத்து ஜன்னல் என்றும், குளிர்காலம் ஐந்து மாதம் என்றும் கணக்கிட்டால், 2021-இல் தொடங்கிய மானியத் திட்டத்தின் வழியாக, ஜன்னலும் கதவும் மாற்றும் குடும்பத்துக்குக் கனடா அரசாங்கம் 5,000 டாலர் வரை கொடுத்ததன் நியாயம் விளங்கும். அங்கே வெயில் உறவாளி. தெற்கு ஜன்னல் வழியாக அது வந்து விழுவதை வரவேற்கிறார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பிற்பகலில் வெளியே 33 டிகிரி; குளிர்சாதனம் ஓடும் அறையில் 25 டிகிரி; வித்தியாசம் எட்டே டிகிரி. அதே ஒன்றரைச் சதுர மீட்டர் ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி வழியாக இந்த வித்தியாசத்தால் உள்ளே வருவது ஏறத்தாழ 70 வாட். சாதாரண இரட்டைக் கண்ணாடி போட்டால் 34 வாட். மிச்சமாகும் 36 வாட் உஷ்ணத்தை வெளியேற்றக் குளிர்சாதனத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும் என்பதால், இரட்டைக் கண்ணாடி தரும் லாபம் பன்னிரண்டு வாட் அளவில் நின்றுவிடுகிறது. ஆனால் அந்த ஜன்னல் மேற்கு நோக்கியதாக இருந்து, சாயங்கால வெயில் நேராக விழுந்தால், சதுர மீட்டருக்கு 500 வாட் என்ற மிதமான கணக்கிலேயே, சாதாரணக் கண்ணாடி அதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கை உள்ளே விடுவதால், 640 வாட் உஷ்ணம் அறையில் குடிபுகுகிறது. குளிர்நாட்டான் வெளியே ஓடும் உஷ்ணத்தைக் கட்டிக் காக்கிறான். நமக்கோ வரும் வெயிலைத் தடுப்பதே வேலை. எனவே ஜன்னல் வாங்கப்போகும் நம்மவர் யு மதிப்பை விசாரிப்பதற்கு முன், விழும் வெயிலில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதைக் காட்டும் சூரிய வெப்ப விகிதம் என்ற மற்றோர் எண்ணை விசாரிக்க வேண்டும். அதற்கும் முன், வீட்டின் எந்த முகம் மேற்கே திரும்பியிருக்கிறது என்று வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

சிரம்பான் பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்று பாகைக்கும் குறைவான தூரத்தில் உள்ளது. மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நடுப்பகல் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. மற்ற மாதங்களில் வடக்கே சிறிதும் தெற்கே சிறிதும் சாய்கிறது. ஆகவே நடுப்பகல் வெயிலைக் கூரை வாங்கிக்கொள்கிறது (ஒரு மாடி வீட்டில் ஜன்னலைவிடக் கூரையே பெரிய சத்துரு, கூரைக்கடியில் வெப்பத்தடுப்பு இல்லாதவர்கள் முதல் பணத்தை அங்கே செலவிடுவதே உசிதம்). வடக்கு, தெற்கு ஜன்னல்களைச் சிறு தாழ்வாரமே காப்பாற்றிவிடும். கிழக்கும் மேற்குமே தொல்லை; சுவரும் காற்றும் ஏற்கெனவே காய்ந்துகிடக்கும் வேளையில் வெயில் வருவதால் மேற்கு அதிகத் தொல்லை.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் உத்தமமான வழி. உள்ளே தொங்கும் திரைச்சீலை கண்ணுக்குக் குளிர்ச்சி தரும்; கண்ணாடியைக் கடந்துவிட்ட உஷ்ணத்தில் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பாது. நம் முன்னோர் வாழ்ந்த லயங்களை நான் புகழ முன்வரவில்லை. முதுகோடு முதுகு ஒட்டிய இருண்ட அறைகளிலும் அடுப்புப் புகையிலும் அவர்கள் பட்ட துன்பத்துக்குப் பரிகாரமாகவே 1966-இல் தொழிலாளர் வீட்டுவசதிக்குக் குறைந்தபட்சத் தரத்தை விதிக்கும் சட்டம் பிறந்தது. ஆயினும், கூரை நீண்டு இறங்கிய லயத்து அஞ்சடியில் வெயில் சுவரைத் தொடாமல் நின்றது என்பதும், கண்ணாடியே இல்லாத பலகை ஜன்னலை விரியத் திறந்தால் காற்று தடையின்றி வந்தது என்பதும் உண்மை. 1908-இல் கட்டி முடிந்த ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனையைப் பார்த்தவர்கள், நீண்டிறங்கும் கூரையும் வரிசையான ஜன்னல்களும் இந்த மாநிலத்தின் மரத் தச்சர்களுக்கு எவ்வளவு தெளிவாகப் புரிந்திருந்தன என்பதை அறிவார்கள். இன்றைய வரிசை வீட்டின் மேற்கு ஜன்னலுக்கு மேல் மூன்றடி நீட்டிய தகரச் சாய்ப்பு, பிற்பகல் நான்கு மணி வரை பெரும்பாலும் காக்கும். அதற்குப்பின் சூரியன் தாழ்ந்து சாய்ப்புக்கடியில் நுழைந்துவிடுவதால், வெளிப்பக்கம் இறக்கிவிடும் மூங்கில் தட்டியும் வேண்டும். சில நூறு ரிங்கிட்டில் முடியும் இந்த ஏற்பாடு செய்யும் வேலையை, பல ஆயிரம் ரிங்கிட் கண்ணாடிகளுள் மிகச் சிலவே செய்யும் என்பது என் துணிபு.

சாய்ப்பு போட இடமில்லாத இடத்தில்தான் கண்ணாடியின் குணம் முக்கியமாகிறது. கறுப்பு நிறக் கண்ணாடியை நம் மக்கள் விரும்புகிறார்கள். வெயிலின் சக்தியில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கிரணமாக வருகிறது. கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தையும் உஷ்ணத்தையும் சேர்த்து விழுங்கித் தானும் சுட்டு, அந்தச் சூட்டில் ஒரு பகுதியை அறைக்குள் வீசுகிறது. வெயில் விழும் மாலையில் உட்பக்கத்தில் கைவைத்துப் பார்த்தால் இது தெரியும். அறை இருண்டுபோவதால் பகலிலேயே விளக்கும் எரிகிறது. அகச்சிவப்பை மட்டும் திருப்பியடித்து வெளிச்சத்தை அனுமதிக்கும் மெல்லிய உலோகப் பூச்சுக் கண்ணாடியே மேலானது. இங்கும் ஓர் எச்சரிக்கை அவசியம்: உஷ்ணத்தை உள்ளே வைத்திருப்பதற்கென்று குளிர்நாட்டுக்குச் செய்த பூச்சும், வெயிலைத் தடுப்பதற்கென்று செய்த பூச்சும் வேறு வேறு, பெயர் ஏறக்குறைய ஒன்று. சாதாரணக் கண்ணாடியின் சூரிய வெப்ப விகிதம் 0.85 அளவில் இருக்கும், 0.4-க்குக் கீழே உள்ளதை எண்ணாலேயே எழுதித் தரும் கடையில் வாங்குங்கள். பூச்சின் மென்மையான வகை, இரட்டைக் கண்ணாடிக்குள் அடைபட்டிருந்தால்தான் கெடாமல் நிலைக்கும். கடினமான வகையை ஒற்றைக் கண்ணாடியிலும் இடலாம்.

கண்ணாடியைவிட அதிகமாக மறக்கப்படுவது காற்று. 1984-இன் சீரான கட்டட உபவிதிகளின்படி, குடியிருக்கும் அறையின் ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் நூற்றுக்குப் பத்துக்குக் குறையக் கூடாது. காற்று தடையின்றி வரும் திறப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் குறையக் கூடாது. நூறு சதுர அடிப் படுக்கையறைக்குப் பத்து சதுர அடி ஜன்னல் என்று வைத்துக்கொண்டால், நாக்கோ ஜன்னல் ஏறக்குறைய அந்தப் பரப்பு முழுவதையும் காற்றுக்குத் திறந்துவிட்டது. அதன் இடத்தில் இரண்டு கதவுள்ள நகரும் ஜன்னலைப் போட்டால் ஒன்றன்பின் ஒன்று மறைந்து ஐந்து சதுர அடிதான் திறக்கும். ஒரு பகுதியை நிலையான கண்ணாடியாக அடைத்தால் விதி கேட்கும் அளவுக்கும் கீழே போய்விடும். கொசுவலை அதிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அழகாக ஜன்னல் மாற்றிய வீட்டில் முன்பில்லாத புழுக்கம் வந்து, அதற்காகவே குளிர்சாதனம் வாங்க நேரும் நிர்ப்பந்தத்தின் மூலம் இதுதான்.

ஆதலால் வீடு முழுவதற்கும் ஒரே ஜன்னல் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். கூடத்துக்கும் சமையலறைக்கும் புதிய பட்டை ஜன்னலே சிறந்தது. காற்றை அவ்வளவு தாராளமாக விடும் வகை வேறில்லை. குளிர்சாதனம் ஓடும் படுக்கையறைக்கு, பட்டைகளின் இடுக்கு வழியே குளிர்காற்று கசிந்துவிடும் என்பதாலும், 2015-இலும் 2019-இலும் சுமத்திராவிலிருந்து வந்ததைப் போன்ற புகைமூட்ட நாட்களில் இறுக அடைக்க வேண்டியிருப்பதாலும், ரப்பர் விளிம்போடு வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலே தகும். மேலே கீல் வைத்துக் கீழ்ப்பக்கம் தள்ளித் திறக்கும் வகை, மழை பெய்யும்போதும் சற்றே திறந்திருக்க உதவும். எந்த வகையானாலும், கைப்பிடி கிரில் கம்பிகளுக்கிடையே கையை விட்டால் எட்டுமா என்று பார்த்துத்தான் அளவு கொடுக்க வேண்டும். குளிர்சாதனத்தைப் பதினெட்டு டிகிரிக்கு இறக்கி வைப்பவர்கள், காலையில் கண்ணாடியின் வெளிப்பக்கம் நீர்பூத்து வழிவதைக் காண்பார்கள். நம் காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிவதுதான் அது. வெப்பநிலையை 24-க்கு உயர்த்தினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

லாபு, சுவா பெத்தோங் முதலிய தோட்டங்களின் குடியிருப்புகளில் இன்றும் வசிப்பவர்கள் தம் இஷ்டப்படி ஜன்னல் மாற்ற முடியாது. வீடு நிர்வாகத்தின் சொத்து. தொழிலாளர் குடியிருப்புத் தரத்துக்கான சட்டம் 1990-இல் புதிதாக இயற்றப்பட்டு, 2019-இல் திருத்தமும் பெற்றது. அதன் கீழ்ப் பொறுப்பேற்றிருக்கும் நிர்வாகங்கள், மேற்கு வரிசை ஜன்னல்களுக்குச் சாய்ப்பு போடுவதைக் கருணைச் செயலாக அல்லாமல் கடமையாகக் கொள்ள வேண்டும். வெயிலில் உழைத்துவிட்டு வருகிறவனுக்கு, அவன் தமிழனோ வங்காளதேசத்தவனோ இந்தோனேசியனோ, படுக்கும் அறையிலும் வெயிலையே கொடுப்பது அநியாயம்.

பொருத்தும் நாளில் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பது நல்லது. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சிமெண்டால் மட்டும் பூசிவிட்டால் விரைவில் மயிரிழை வெடிப்பு விழுந்து, மேற்கிலிருந்து அடிக்கும் சாரல் அதன் வழியே சுவருக்குள் இறங்கும். ஆகையால் சிலிக்கோன் பசையால் நாற்புறமும் தொடர்ச்சியாக அடைக்கச் சொல்லுங்கள். ஜன்னலடித் திண்டு வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா என்றும், அலுமினியச் சட்டத்தின் அடியிலுள்ள நீர்த்துளைகள் பசையால் அடைபடவில்லையா என்றும், வேலையாட்கள் புறப்படுமுன் ஒரு குவளை நீர் ஊற்றிப் பாருங்கள்.