வள்ளம் தூக்குவோர் காலுக்கு

மாரி வெள்ளத்தில் வயலுக்குப் போகையில் அணைக்கட்டு குறுக்கிட்டால் வள்ளத்தைத் தூக்கித்தான் அப்பால் இறக்க வேண்டும். றப்பர் செருப்பைச் சேறு இழுத்துவிடும். பாரத்தோடு சறுக்கினால் வள்ளம் ஆள்மேல்தான். முழங்கால் பூட்ஸ் நல்லதுபோலத் தெரியும். ஆனால் மேலால் தண்ணீர் புகுந்தால் கால் கல்லாகிவிடும். ஆழத்தில் விழுந்தவர் நீந்துவது சிரமம்.

நாம் சொல்வது, நாடா கட்டும் பழைய கன்வஸ் சப்பாத்து. ஓரத்தில் சுட்ட ஆணியால் நாலைந்து துளையிட்டால் தண்ணீர் வடியும். அடி தேய்ந்தது வேண்டாம்.

முள்ளும் போத்தல் ஓடும் ஏறாவிட்டாலும் எலிக்காய்ச்சல் கிருமிக்கு ஒரு கீறல் போதும். 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோருக்கு அந்நோய் சந்தேகிக்கப்பட்டது. தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மிதிவெடிக்கு எந்தச் சப்பாத்தும் காப்பல்ல. வெள்ளம் அதை இடம் மாற்றும். வெடி அகற்றாத நிலத்தில் கரையேறாதீர்கள்.