குழந்தையை அளப்பவர் பெறும் பயிற்சி

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது. 'உங்கள் பையனால் பாடங்களைப் பின்பற்ற இயலவில்லை. தக்கவரிடம் காட்டி அவன் அறிவுத் திறனைச் சோதித்துக் கொள்க' என்று அதில் எழுதியிருக்கிறது. ஊர் தில்லியாகவும் இருக்கலாம், புனேயாகவும் இருக்கலாம். பையன் சென்ற ஆண்டு வரையில் திருநெல்வேலியில் தமிழில் படித்தவன். இத்தகைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் உறக்கமின்றித் தவிக்கும் வீடுகள், பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மிடையே இல்லாமலில்லை.

கடிதம் குறிப்பிடும் அந்தத் 'தக்கவர்' யார்? ஒரு குழந்தையின் அறிவைப்பற்றிக் கருத்துரைக்கும் தகுதியை ஒருவர் எவ்வாறு பெறுகிறார்? இவ்வினாவுக்கு இங்கிலாந்து இன்று கூறும் விடை, மூன்றாண்டு டாக்டர் பட்டப் பயிற்சி என்பதாகும். குழந்தையைச் சோதிக்க இவ்வளவு நீண்ட படிப்பு எதற்கு என்று தோன்றலாம். அதற்குரிய காரணம் அத்துறையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1905ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஆல்ஃபிரெட் பினே என்பாரும் தியோடோர் சிமோன் என்பாரும் அறிவை அளக்கும் முதல் அளவுகோலை அமைத்தனர். பள்ளியில் தனி உதவி வேண்டும் குழந்தைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். அறிவு என்பது மாறாத ஒன்றன்று, பயிற்சியால் அது வளரும் என்பது பினேயின் கொள்கை. 1913ஆம் ஆண்டில் லண்டன் மாவட்ட மன்றம் சிரில் பர்ட் என்பாரைத் தன் பள்ளிகளுக்கு உளவியலராக அமர்த்தியது. பிரிட்டனில் அத்தகைய பதவி பெற்றவர் அவரே முதல்வர். ஆனால் பர்ட்டோ, அறிவு பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது என்று கருதினார். அவர் 1971இல் மறைந்தபின், அக்கருத்துக்கு அவர் காட்டிய புள்ளிவிவரங்களின் நம்பகத்தன்மையே பெரும் விவாதத்துக்கு உள்ளாயிற்று.

அதே 1971ஆம் ஆண்டில், கிரெனடாத் தீவிலிருந்து வந்து லண்டனில் ஆசிரியராகப் பணியாற்றிய பெர்னார்ட் கோர்ட் ஒரு சிறு நூலை வெளியிட்டார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகள், அறிவுக் குறைவுடையோருக்கென அமைந்த பள்ளிகளில் அளவுக்கு மீறிச் சேர்க்கப்படுகின்றனர் என்று அதில் எடுத்துக்காட்டினார். சோதனையின் மொழியும், அதில் வரும் பொருள்களும், வினாத் தொடுப்பவரின் பழக்கங்களும் அப்பிள்ளைகளுக்கு அந்நியமானவை. அவர்கள் அறியாதவற்றை அளந்துவிட்டு, அறிவே இல்லை என்று எழுதிவிட்டார்கள். குடிபெயர்ந்து வாழும் நமக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, பயிற்சியைக் காண்போம். முன்னாளில் இங்கிலாந்தில், ஆசிரியராக இருந்த அனுபவத்தோடு ஓராண்டு முதுகலைப் படிப்பு முடித்தவர் இப்பணிக்கு வரலாம். 2006ஆம் ஆண்டிலிருந்து அந்நிலை மாறி, மூன்றாண்டு டாக்டர் பட்டம் வேண்டுமென்றாயிற்று. மான்செஸ்டர், ஷெஃபீல்டு முதலிய பல்கலைக்கழகங்கள் இப்பயிற்சியை அளிக்கின்றன. சேர விரும்புவோர் உளவியலில் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். குழந்தைகளோடு பணியாற்றிய அனுபவமும் இருத்தல் வேண்டும். இடங்கள் சிலவே, போட்டியோ பெரிது.

முதலாண்டில் குழந்தை வளர்ச்சி, மொழி கற்றல், படிப்பில் தோன்றும் இடர்கள், ஆராய்ச்சி முறைகள் ஆகியவற்றைப் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் கற்கிறார்கள். அடுத்த ஈராண்டுகளில் காலத்தின் பெரும்பகுதி உள்ளூராட்சியின் உளவியல் பணிமனையிலும் பள்ளிகளிலும் கழிகிறது. மூத்த உளவியலர் ஒருவரின் மேற்பார்வை எப்போதும் உண்டு. இவற்றோடு ஓர் ஆய்வேட்டையும் எழுதி முடிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு முதல், சட்டப்படி அமைந்த மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இருந்தாலன்றி, ஒருவர் தம்மைக் கல்வி உளவியலர் என்று கூறிக்கொள்ள இயலாது.

இப்பயிற்சியின் உயிர்நாடி, சோதனைத் தாள்களைக் கையாளும் திறமை அன்று. அதைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். ஒரு மதிப்பெண்ணை நம்புவதற்கு முன் அதை ஐயுறக் கற்றலே கடினம். 'இக்குழந்தையால் முடியுமா?' என்று கேட்பதை விடுத்து, 'எந்தச் சூழ்நிலையில் முடிகிறது, எதில் முடியவில்லை, ஏன்?' என்று கேட்கப் பயில்கிறார்கள். வகுப்பறையின் மூலையில் அமர்ந்து குழந்தையைக் கவனிக்கிறார்கள். ஆசிரியரையும் பெற்றோரையும் கலந்து பேசுகிறார்கள். வேண்டுமிடத்து மொழிபெயர்ப்பாளரை உடன் வைத்துக்கொள்கிறார்கள். சில வேளைகளில், குழந்தைக்கு ஒன்றைக் கற்பித்துவிட்டு, அதை எவ்வளவு விரைவில் பற்றிக்கொள்கிறது என்று பார்க்கிறார்கள். முன்பே அறிந்திருந்ததை அளப்பதைவிடக் கற்கும் ஆற்றலை அளப்பது நேர்மையானது அன்றோ?

மொழியைப்பற்றி அவர்கள் கற்கும் ஒரு செய்தி நமக்கும் பயன்படும். கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் இதனை விளக்கியிருக்கிறார். புதுமொழியில் விளையாட்டுத் தோழரோடு பேசக் குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டாண்டுகள் போதும். ஆனால் அம்மொழியில் பாடத்தைப் படித்துச் சிந்தித்து எழுதும் வன்மை பெற ஐந்து முதல் ஏழாண்டுகளும் ஆகலாம். தெருவில் இந்தியில் சரளமாகப் பேசும் பையன், வகுப்பில் வரலாற்றுப் பாடத்தின்முன் விழிப்பதை மந்தபுத்தி என்று கொள்வது தவறாகலாம்.

நம் நாட்டிலும் இந்நெறி புதிதன்று. சொல்லைக் குறைத்துக் கையால் செய்து காட்டும் வேலைகளைக்கொண்டு அறிவை அளக்கும் சோதனைத் தொகுதியை, இந்தியப் பிள்ளைகளுக்கென்றே சி. எம். பாட்டியா 1955இல் வெளியிட்டார். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த இந்திய மறுவாழ்வு மன்றம் மருத்துவ உளவியலருக்குரிய பதிவேட்டை வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம், கற்றலில் தோன்றும் குறிப்பிட்ட குறைபாட்டையும் மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு கூறுகிறது. அப்பிரிவு 1956இல் சேர்க்கப்பட்டது.

ஆகவே, அத்தகைய கடிதம் வந்தால் அஞ்சவும் வேண்டாம். அதைக் கிழித்தெறியவும் வேண்டாம். உண்மையான இடர் இருந்தால் அதை விரைவில் அறிதல் குழந்தைக்கு நன்மை. ஆனால் சோதிப்பவரிடம் மூன்று கேள்விகளைப் பணிவோடு கேட்போம். தங்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் உள்ளது? சோதனை எந்த மொழியில் நடைபெறும்? வீட்டில் தமிழ் பேசுகிறான், இங்கு வந்து ஓராண்டே ஆகிறது என்பதை அறிக்கையில் குறிப்பீர்களா?

நன்கு பயின்றவர் இக்கேள்விகளைக் கேட்டுச் சினம் கொள்ளமாட்டார். பல ஆண்டுகள் அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளப் பழகிய கேள்விகள் அல்லவா இவை!