குழந்தைப்பேறின்மைப் பரிசோதனைகளும் மருத்துவக் காப்பீடும்

“டாக்டர், இந்த டெஸ்டுக்கெல்லாம் இன்சூரன்ஸ் வருங்களா?” எங்கள் கருத்தரிப்பு மருத்துவப் பிரிவுக்கு வரும் தம்பதியருள் பலர் இக்கேள்வியை முதற்சந்திப்பு முடிந்து, கதவருகே சென்றபின் திரும்பி நின்றுதான் கேட்கின்றனர். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரரும் கேட்கிறார். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனத்தில் பணிபுரிபவரும் கேட்கிறார். சரவணம்பட்டி மென்பொருள் அலுவலகத்திலிருந்து அரைநாள் விடுப்பில் வந்தவரும் கேட்கிறார். ஆண்டுதோறும் தவறாமல் பிரீமியம் கட்டியவர்களுக்கு இதைக் கேட்க முழு உரிமை உண்டு. கதவருகே நின்று கூசிக் கேட்க வேண்டிய கேள்வியன்று இது.

நேரான விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். குழந்தைப்பேறின்மைக்கான பரிசோதனைச் செலவைப் பெரும்பாலான தனியார் மருத்துவக் காப்பீடுகள் ஏற்பதில்லை. ஆயினும் அந்த ‘இல்லை’ என்பதற்குள் ஓர் ‘உண்டு’ம் இருக்கிறது. நோயாளர் சொல்லாமல் விடுவதாலும், மருத்துவர்களாகிய நாங்கள் எழுதாமல் விடுவதாலும் அது பல குடும்பங்களின் கைநழுவிப் போகிறது. இக்கட்டுரை முதன்மையாக அதைப் பற்றியதே.

காப்பீடு ஏன் மறுக்கிறது?

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019ஆம் ஆண்டு செப்டம்பரில், மருத்துவக் காப்பீட்டில் எவையெவை விலக்கப்படலாம் என்பதை ஒரே சீரான சொற்களில் வரையறுத்தது. அதனால் எந்த நிறுவனத்தின் பாலிசியை எடுத்துப் பார்த்தாலும் விலக்குகளுக்கு ஒரே எண்களே இருக்கும். அவற்றுள் 17ஆம் எண், மலட்டுத்தன்மையும் குழந்தைப்பேறின்மையும் தொடர்பான செலவுகள். கருத்தடை, செயற்கைமுறை விந்தேற்றம், சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு, வாடகைத்தாய் முறை, கருத்தடை அறுவையை மீண்டும் திறத்தல் ஆகிய யாவும் இதனுள் அடங்கும். 4ஆம் எண், பரிசோதனைக்காக மட்டுமே மருத்துவமனையில் சேரும் செலவு. எங்கள் பிரிவுக்கு வருவோர் பெரும்பாலும் இவ்விரு எண்களில்தான் இடறுகின்றனர்.

எண் 4ஐப் பற்றித் தனியே ஒரு சொல். “ஒரு நாள் அட்மிட் போட்டுட்டா கிளைம் ஆயிருமுங்களே?” என்று உறவினர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. ஆகாது. புறநோயாளராகவே செய்யக்கூடிய இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் படுக்கை தேவையில்லை என்பதைக் காப்பீட்டு நிறுவன மருத்துவர் ஒரே பார்வையில் அறிவார். கிளைம் மறுக்கப்படும், அறை வாடகையும் உங்கள் தலையில் விழும்.

ஆகவே அடிப்படைப் பரிசோதனைகளைக் கைப்பணத்தில் செய்துகொள்வதாகவே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிடில் பரிசோதனை தொடங்க வேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். முதற்கட்டத்தில் தேவைப்படுபவை சிலவே. கணவருக்கு விந்தணுப் பரிசோதனை. மனைவிக்கு மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஹார்மோன் பரிசோதனைகள், தைராய்டு, ஸ்கேன். பின்னர், தேவையிருப்பின், மாதவிலக்கு நின்றவுடன் வரும் நாள்களில் கருக்குழாய் திறந்திருக்கிறதா எனக் காணும் எக்ஸ்ரே.

இவற்றுள் மிகவும் மலிவானதும் வலியற்றதும் விந்தணுப் பரிசோதனையே. இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி தந்தால் போதும். குழந்தைப்பேறின்மையால் வரும் தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆண்பக்கக் காரணமும் தனித்தோ சேர்ந்தோ இருக்கக் காண்கிறோம். இருந்தும் மனைவிக்கு மூன்று ஸ்கேன், இரண்டு எக்ஸ்ரே, ஒரு லேப்பராஸ்கோப்பி எல்லாம் முடிந்தபின், கணவருக்கு ஒரு பரிசோதனைகூட இல்லாமல் கோப்பு எங்களிடம் வந்து சேர்வது இன்றும் நிற்கவில்லை. காப்பீடு தராத பணத்தை மிச்சப்படுத்த இதைவிட எளிய வழி எங்களுக்குத் தெரியாது: இருவரும் ஒரே வாரத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

குறிப்பேட்டின் முதல் வரி

இனி, அந்த ‘உண்டு’. அடையாளங்களை மாற்றி ஒரு நிகழ்வைக் கூறுகிறோம்.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு பெண் மாமியாருடன் வந்தார். மணமாகி நான்காண்டுகள், குழந்தையில்லை. கேள்விகளுக்கெல்லாம் மாமியாரே விடை கூறினார். எங்கள் இளம் மருத்துவர் குறிப்பேட்டில் ‘குழந்தைப்பேறின்மை, நான்காண்டு’ என்று எழுதினார், வேறொன்றும் எழுதவில்லை. ஸ்கேனில் இடது சூலகத்தில் பெரிய கட்டி தெரிந்தது. மக்கள் ‘சாக்லேட் கட்டி’ என்று கூறும், கருப்பை அகப்படலம் இடம்மாறி வளர்வதால் உண்டாகும் கட்டி அது. லேப்பராஸ்கோப்பி மூலம் அதை அகற்றினோம். அப்போதே சாயம் செலுத்திக் கருக்குழாய்களையும் சோதித்தோம். கேஷ்லெஸ் கோரிக்கை ஏற்கப்படவில்லை. குடும்பம் பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் கிளைம் அனுப்பியது. அதுவும் விலக்கு எண் 17ஐக் காட்டி மறுக்கப்பட்டது.

தையல் காட்ட வந்த நாளில் அப்பெண் தனியே வந்திருந்தார். அன்றுதான் கேட்டோம், வலி உண்டா என்று. பதின்மூன்று வயது முதல் மாதந்தோறும் இரண்டு நாள் சுருண்டு கிடந்ததாகவும், “கண்ணாலம் ஆனா எல்லாஞ் சரியாப் போயிருங்கண்ணு” என்று ஊரில் கூறியதாகவும், இரண்டாண்டுகளுக்கு முன் வலி பொறுக்காமல் உள்ளூர் மருத்துவரிடம் ஊசி போட்டு ஸ்கேனும் எடுத்ததாகவும் சொன்னார். “அதயெதுக்குச் சொல்றதுன்னு விட்டுட்டனுங்க. நாங்க வந்தது கொழந்தைக்குத்தானுங்களே.”

பிழை அவருடையதன்று, எங்களுடையது. வலியோடு கூடிய சூலகக் கட்டி தன்னளவிலேயே ஒரு நோய். மணமாகாத பெண்ணுக்கும், மூன்று குழந்தை பெற்றவருக்கும் அது சிகிச்சைக்குரியதே. நாங்கள் கேட்டிருந்தால் குறிப்பேட்டின் முதல் வரி வேறாக இருந்திருக்கும், பொய் ஒன்றும் கலவாமலேயே. பழைய மருந்துச்சீட்டு, பழைய ஸ்கேன், அறுவையின்போது எடுத்த படங்கள், திசுப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றுடன் எங்கள் விளக்கக் கடிதத்தையும் இணைத்து மறுபரிசீலனைக்கு அனுப்பினோம். கட்டியை அகற்றிய செலவு ஏற்கப்பட்டது. கருக்குழாய்ச் சோதனைக்கான தொகை கழிக்கப்பட்டது. அது முறையே.

இதே நிலையில் உள்ள நோய்கள் இன்னும் சில. மிகை இரத்தப்போக்கும் இரத்தசோகையும் தரும் நார்க்கட்டிகள். இடையிடையே உதிரம் கசியச் செய்யும் கருப்பைத் தசைத்திரள். வலிதரும் நீர்கோத்த கருக்குழாய். ஆண்களுக்கு விதைப்பையில் இழுக்கும் வலியுடன் கூடிய நாளப்புடைப்பு. பால்சுரப்பு ஹார்மோனை மிகைப்படுத்தும் பிட்யூட்டரிக் கட்டி. இவை கருத்தரிப்பையும் தடுக்கலாம். தாமே நோயாகவும் நிற்கும். இவற்றுக்காக மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றால், அந்நோய்க்கு நேரடியாகத் தொடர்புடைய பரிசோதனைகளை, சேர்வதற்கு முந்தைய குறிப்பிட்ட நாள்களுக்குள், பெரும்பாலும் 30 நாளுக்குள், செய்திருந்தால் அவற்றையும் பல பாலிசிகள் ஏற்கும். கருக்குழாய்க்கு வெளியே தங்கும் கரு உயிருக்கே ஆபத்து. மகப்பேற்றுச் செலவை விலக்கும் பிரிவுகூட அதை விலக்குவதில்லை. நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்குக் காசநோயும் ஒரு காரணம். அதற்கான மருந்துகளை அரசு இலவசமாகவே தருகிறது; காப்பீட்டை நாட வேண்டியதில்லை.

எனினும் ஒரு வேண்டுகோள். “குழந்தைக்குன்னு எழுதாதீங்க, வயித்துவலின்னு எழுதுங்க” என்று சிலர் கேட்கின்றனர். வலி உண்டெனில் எழுதுவோம்; இல்லையெனில் எழுதமாட்டோம். குழந்தைப்பேறின்மை இருப்பின் அதையும் மறைக்கமாட்டோம். குறிப்பேடு காப்பீட்டுக்காக மட்டும் இருப்பதன்று. நாளை வேறு மருத்துவர் அதை நம்பித்தான் உங்களுக்கு மருந்து தருவார்.

பாலிசி வாங்கும்போது

இப்பகுதியை மணமான புதிதில் படிப்பவர்களுக்கே பயன் அதிகம். நார்க்கட்டி, சூலகக் கட்டி போன்றவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்பை 2024ஆம் ஆண்டின் விதிகள் 48 மாதத்திலிருந்து உச்சமாக 36 மாதம் எனக் குறைத்துள்ளன. பிரச்சினை தெரிந்தபின் பாலிசி வாங்க ஓடுவதில் பயன் குறைவு என்பது இதனால் விளங்கும்.

விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள். நீர்க்கட்டிக்கு மாத்திரை உண்டது, முன்பு ஒரு கருத்தரிப்பு மையத்தில் காட்டியது, தைராய்டு என யாவற்றையும் எழுதுங்கள். மேற்சொன்ன பெண்ணைக் காத்த பழைய ஸ்கேன், பாலிசிக்கு முன்பே எடுக்கப்பட்டு விண்ணப்பத்தில் மறைக்கப்பட்டிருந்தால், அதுவே அவருக்கு எதிரான சான்றாகியிருக்கும். அவருடைய பாலிசி மணமான ஆண்டிலேயே எடுக்கப்பட்டது. அதற்கு முன் அவர் எந்த மருத்துவரையும் பார்த்ததில்லை. மருத்துவர் கண்டறியாத, சிகிச்சை பெறாத வலி ‘முன்பே இருந்த நோய்’ என்ற வரையறைக்குள் வாராது. தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியபின், மோசடி நிறுவப்பட்டாலன்றி, மறைத்தது என்னும் காரணங்காட்டிக் கிளைமை மறுக்க இயலாது என்பதும் 2024 முதல் உள்ள விதி.

செயற்கைக் கருத்தரிப்புச் செலவில் ஒரு பங்கைத் தரும் பாலிசிகளும் இன்று விற்பனையாகின்றன. அவற்றின் காத்திருப்புக் காலமும் உச்சவரம்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முகவர் வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காமல், வாடிக்கையாளர் தகவல் தாளில் எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமெனத் திருப்பித் தரவும் உரிமையுண்டு. அலுவலகக் குழுக்காப்பீடு உள்ளவர்கள் மனிதவளப் பிரிவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குழுக்காப்பீடுகளில் காத்திருப்புக் காலம் பெரும்பாலும் தள்ளுபடி செய்யப்படும். சில நிறுவனங்கள் கருத்தரிப்புச் சிகிச்சைக்கும் ஒரு தொகையைச் சேர்த்துள்ளன. கேட்கக் கூச்சப்பட்டே பலர் இழக்கின்றனர்.

இலண்டனிலோ பாஸ்டனிலோ உள்ள உறவினர், “எங்களுக்கு வந்ததே” என்று கூறினால் குழம்ப வேண்டாம். பிரிட்டனில் சில தனியார் காப்பீடுகள் காரணத்தைக் கண்டறியும் வரை செலவை ஏற்று, சிகிச்சையை விலக்குகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1987ஆம் ஆண்டிலேயே குழந்தைப்பேறின்மையைக் காப்பீட்டுக்குள் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் அத்தகைய கட்டாயம் இல்லை.

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் ஆலைத் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருக்கும். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலோ கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ முதற்கட்டப் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு அறிக்கைகளுடன் எங்களிடம் வரலாம். அவற்றை நாங்கள் ஏற்போம். மீண்டும் எடுக்கச் சொல்லமாட்டோம்.

கிளைம் மறுக்கப்பட்டால்

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்த விலக்கு எண் என்பது அதில் இருக்க வேண்டும். அக்கடிதத்துடன் எங்கள் காப்பீட்டு உதவி மேசைக்கு வாருங்கள். மருத்துவ விளக்கக் கடிதம் தர நாங்கள் கட்டணம் பெறுவதில்லை. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் விடை வாராவிடினோ, வந்த விடை நிறைவளிக்காவிடினோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். அங்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 இலட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். ஆனால் வெறும் விந்தணுப் பரிசோதனைக்கும் ஹார்மோன் பரிசோதனைக்கும் இவ்வழியில் அலைய வேண்டாம். செலவழியும் நாள்கள் அத்தொகையைவிட மதிப்புள்ளவை.

முதல்முறை வரும்போது பழைய மருந்துச்சீட்டுகள், ஸ்கேன் அறிக்கைகள், ஊசி போட்ட துண்டுச்சீட்டு உட்பட, யாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுவாருங்கள். பாலிசி நகலும் உடனிருக்கட்டும். வலி, உதிரப்போக்கு, உறவின்போது துன்பம் என உடலில் உள்ள எதையும், ‘குழந்தைக்குத்தானே வந்தோம்’ என்று எண்ணி விட்டுவிடாமல் சொல்லுங்கள். குடும்பத்தார் முன் சொல்ல இயலாவிடில், எடை பார்க்கும் அறையில் செவிலியரிடம் “தனியாகப் பேசணும்” என்று மட்டும் கூறுங்கள். கணவரோ மாமியாரோ அறியாவண்ணம் உங்களைத் தனியே அழைத்துப் பேச அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம்.