தாராவியின் ஐயர்

மும்பையின் குர்லாவில் தெற்கு நோக்கி ரயில் ஏறினால் அடுத்த நிலையம் சயான். அதன் மேற்குப் பக்கம் தாராவி. 1987-இல் வெளிவந்த 'நாயகன்' படத்தின் கதைக்களம் அதுதான். அதில் இந்தி தெரியாத வேலு நாயக்கரின் பக்கத்தில் நின்று, அவருக்காக இந்தி பேசிய ஐயரை நினைவிருக்கிறதா நேயர்களே? அவர்தான் டெல்லி கணேஷ்.

தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் பிறந்தவர். 1964 முதல் பத்து ஆண்டுகள் இந்திய விமானப் படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடைகளில் நடிப்பு. இயக்குநர் பாலச்சந்தர் 'பட்டினப் பிரவேசம்' படத்தில் அறிமுகப்படுத்தி, பெயருக்கு முன்னால் 'டெல்லி'யையும் சேர்த்துவிட்டார்.

அதன்பின் நானூறு படங்களுக்கு மேல். பெரும்பாலும் அப்பா, மாமா, குமாஸ்தா வேடங்கள். ஆனால் 1979-இல் வந்த 'பசி'யைப் பாருங்கள். நடிகை ஷோபாவின் அப்பாவாக, சென்னைக் குடிசைப் பகுதியின் ரிக்‌ஷாக்காரராகவே மாறியிருப்பார். தமிழக அரசின் சிறப்புப் பரிசு அதற்குக் கிடைத்தது. 'மைக்கேல் மதன காமராஜன்' படத்திலோ பாலக்காட்டுச் சமையல்காரர் மணி ஐயர். சாம்பாருக்குள் மீன் விழுந்த அந்தக் கல்யாணப் பந்தியில் அவர் படும் பதற்றத்துக்கு இன்றும் வீடே சிரிக்கிறது. ரிக்‌ஷாக்காரரும் மணி ஐயரும் ஒரே ஆள் என்பதே எனக்குப் பெரிய வியப்பு.

கதாநாயக வேடங்கள் அவரைப் பெரிதாகத் தேடி வரவில்லை. ஆனால் அவர் வந்து நின்றால் காட்சி கனம் பெற்றது. 2024 நவம்பர் 9 அன்று, எண்பதாவது வயதில் காலமானார்.