வலைக்குள் வராதவர்கள் தரும் விலை

ஒருவர் தமக்கென ஒரு கணக்கைத் தொடங்கி, தெரிந்தவரையும் தெரியாதவரையும் அதில் இணைத்துக்கொண்டு, எழுத்தையும் படத்தையும் காணொளியையும் பகிர்ந்துகொள்ள உதவும் இணையவழி ஏற்பாடே சமூக வலைத்தளம் எனப்படுகிறது. முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப் ஆகியவை இதன் அறிமுகமான வடிவங்கள். வாட்ஸ்அப் செய்திப் பரிமாற்றச் செயலியே என்றாலும் அதன் குழுக்கள் நடைமுறையில் இதே வேலையைத்தான் செய்கின்றன. இவற்றின் தீமைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நகரத்து இளைஞரின் தூக்கத்தையும் கவனத்தையும் சுற்றியே நின்றுவிடுகிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகளை முன்வைத்துப் பார்க்கும்போதோ, இந்த வலையால் வரும் இழப்பைச் சுமப்பவர் அதைப் பயன்படுத்துபவர்தானா என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது.

தீவுகளில் இவற்றின் ஈர்ப்புக்கு முதற்காரணம் தூரம். சென்னையிலிருந்து, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்குக் கப்பலில் செல்ல ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் வாழ்ந்த 3,80,581 பேரில் சுமார் 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களும் இவர்களுள் அடங்கும். திருமணமோ சாவோ, கடலுக்கு அப்பால் நடப்பதை உடனே காண முடிவது இத்தகைய குடும்பங்களுக்குப் பொழுதுபோக்கு அன்று.

அந்த வசதியும் எளிதில் வந்துவிடவில்லை. 2020 வரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள், அதாவது பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்து ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் சுற்றிவரும் கோள், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒவ்வொரு தகவலும் மேலே ஏறி இறங்கவே கால் நொடி பிடிக்கும். ஒரே நேரத்தில் அனுப்பக்கூடிய தரவின் அளவும் குறைவு. சுமார் 1,224 கோடி ரூபாய்ச் செலவில், சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட பிறகே காணொளி தடையின்றி ஓடும் நிலை உருவானது. (அதற்கு ஆறு வாரம் முன்னதாகவே டிக்டாக் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருந்ததால், அந்தச் செயலி மட்டும் தீவுகளின் புது வேகத்தைக் காணவே இல்லை.)

கடல் சீற்றத்தால் கப்பல் ரத்தானால், அச்செய்தி வாட்ஸ்அப் குழுவிலேயே வந்துவிடுகிறது; அதை அறியத் துறைமுகம் வரை போகவோ, அரசு நாளிதழான தி டெய்லி டெலிகிராம்ஸின் மறுநாள் இதழுக்குக் காத்திருக்கவோ வேண்டியதில்லை என்பது சிறு தீவுகளில் பெரிய நிம்மதி. ஆனால் கப்பல் செய்தியைக் கொண்டுவரும் அதே குழு வதந்தியையும் கொண்டுவருகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியை மறக்காத இம்மண்ணில், நில அதிர்வுக்குப் பின் வரும் பொய்யான எச்சரிக்கை வெறும் தொல்லையோடு நிற்பதில்லை. அதிகாரபூர்வமான எச்சரிக்கையை வெளியிடுவது ஹைதராபாத்திலுள்ள இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம்; எனினும் தெரிந்தவர் அனுப்பியது என்பதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடும் பழக்கம் எங்கும் உள்ளது. ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் 2018இல் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்ததும் இத்தகைய பரவலைத் தணிக்கவே.

இவையாவும் பயன்படுத்துவோர் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. எந்தக் கணக்கையும் தொடங்காத, அந்தமான் காடுகளில் வாழும் பழங்குடியினரான ஜாரவா மக்களின் நிலை வேறு. அவர்களது காப்பகத்தின் ஊடே செல்லும் அந்தமான் பெருஞ்சாலையில் ஜிர்கதாங் சோதனைச் சாவடியிலிருந்து காவல் துணையுடன் குறித்த நேரங்களில் மட்டுமே வண்டிகள் வரிசையாக விடப்படுகின்றன; வழியில் நிறுத்துவதும் படமெடுப்பதும் குற்றம். ஆயினும் உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் காணொளி ஒன்றை 2012 ஜனவரியில் லண்டன் அப்சர்வர் இதழ் வெளிக்கொணர்ந்தது. பழங்குடியினரைப் பாதுகாக்கும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அதே ஆண்டில் கடுமையாக்கப்பட்ட பின்னும் இத்தகைய படங்கள் யூடியூபில் நீடித்ததால், 2017இல் தேசியப் பழங்குடியினர் ஆணையம் தானே முன்வந்து அவற்றை நீக்கச் சொல்ல நேர்ந்தது. பார்வையாளர் எதில் அதிக நேரம் நிற்கிறார் என்பதைக் கணக்கிட்டு, அதை ஒத்தவற்றையே அடுத்தடுத்துக் காட்டும் நிரலுக்குக் காட்டப்படுபவரின் விருப்பம் ஒரு பொருட்டே அன்று. பார்வைகள் விளம்பர வருவாயாக மாறும்போது, தடை செய்யப்பட்ட காட்சிக்கே மதிப்பு கூடுகிறது.

வெளியுலகத் தொடர்பை ஏற்காத பழங்குடியினர் வாழும் வடக்கு சென்டினல் தீவில் இப்படிப் படமெடுக்க முயல்வது உயிரோடு விளையாடும் செயலாகிறது. அங்கு நெருங்குவதே சட்டவிரோதம் என்றிருந்தும், 2025 மார்ச்சில் 24 வயது அமெரிக்கர் ஒருவர் படகில் சென்று கரையிறங்கி, குளிர்பான டின்னையும் தேங்காயையும் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் காணொளியாகப் பதிவு செய்து திரும்பிக் கைதானார். வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் பெறாத மக்களுக்கு ஓர் இருமலே போதும் என்பதற்குத் தீவுகளின் வரலாறே சான்று: 1858இல் ஆங்கிலேயக் குடியேற்றம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் என்ற பழங்குடியினர், 1877இல் பரவிய தட்டம்மை உள்ளிட்ட நோய்களால் அருகி, 1961இல் 19 பேராகக் குறைந்திருந்தனர்.

தம் படம் தம் இசைவின்றி வெளியானால் முறையிட யூடியூப் போன்ற தளங்கள் வழி வைத்துள்ளன. ஆனால் பொதுவாக, படத்தில் இருப்பவரே அம்முறையீட்டைச் செய்ய வேண்டும். காட்டின் ஓரத்தில் படம்பிடிக்கப்பட்ட ஜாரவாச் சிறுவனுக்கு அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது என்பதால், அவன் சார்பில் முறையிடும் பொறுப்பு ஆணையத்தின் மீதும் தீவு நிர்வாகத்தின் மீதுமே விழுகிறது. அவர்கள் ஒரு பிரதியை நீக்கச் செய்வதற்குள் அது எத்தனை கைபேசிகளில் இறங்கியிருக்கும் என்பதை அறிய வழியில்லை.