கரண்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

1957இல் தளத்தைக் கையளிக்கும் வரை பிரித்தானியக் கடற்படை திருகோணமலையில்தான் குடியிருந்தது. அந்தக் காலத்து மேசைச் சாமான்கள் துறைமுகப் பக்கத்து வீடுகளில் இன்றும் கிடக்கக்கூடும். போதாததற்கு, பலெர்மோவிலும் மிலானிலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் லீவில் வரும்போது இத்தாலியக் கரண்டி செட்டுகளைக் கொண்டுவரலாம். வாங்குபவரும் விற்பவரும் ஏமாறுவது ஒரே இடத்தில்தான்: காம்பின் பின்பக்கத்தில் அரிசியளவில் குத்தியிருக்கும் முத்திரையை வாசிக்காமலே விலை பேசிவிடுகிறார்கள்.

இத்தாலிய முத்திரையை வாசிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், ஒரு பூதக்கண்ணாடி போதும். 1934ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர் செய்த வெள்ளியில் இரண்டு குறிகள் இருக்க வேண்டும். முட்டை வடிவக் கட்டத்துக்குள் 800 அல்லது 925 இருக்கும். ஆயிரம் பங்கில் அத்தனை பங்கு வெள்ளி என்று பொருள். மற்றது செய்தவரின் குறி, அதாவது ஓர் எண்ணும் மாகாணத்தின் எழுத்துகளும். எம்ஐ மிலான், எஃப்ஐ புளோரன்ஸ், பிஏ பலெர்மோ. ‘யூனோ ஆ எர்ரே’ என்ற நகை நிறுவனத்தின் பெயரே அரெஸ்ஸோ மாகாணத்தில் அது பெற்ற 1 ஏஆர் என்ற குறிதான். அந்தக் குறியில் கோடரி செருகிய தடிக்கட்டுச் சின்னம் இருந்தால் அது முசோலினி காலத்துப் பொருள். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தோடு செய்தவரின் எண்ணுக்கு முன்னால் நட்சத்திரம் வந்தது. ஆகவே நட்சத்திரக் குறியுள்ள கரண்டியை “நூறு வருசப் பழசு” என்று ஒருவர் நீட்டினால் அது பொய். அதேபோல, 1872 முதல் 1934 வரை அங்கே முத்திரை குத்துவது கட்டாயமில்லை. குறி இல்லை என்பதற்காகப் பாட்டியின் கரண்டியைப் பழைய இரும்போடு போட்டுவிடாதீர்கள்.

ஆங்கிலேயச் சாமானில் வேறொரு பொறி இருக்கிறது. ஈபிஎன்எஸ் என்ற நான்கு எழுத்தும் தனித்தனிக் கட்டத்துக்குள் அசல் முத்திரை போலவே நிற்கும். உள்ளே இருப்பது நிக்கல் கலந்த உலோகம், மேலே மட்டும் வெள்ளி முலாம். இங்கிலாந்தின் அசல் வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருக்கும். ‘அல்பாக்கா’ என்றாலும் வெள்ளி இல்லை. ஐரோப்பிய முலாம் கரண்டிகளில் 90 என்று இருந்தால் அது 90 வீதம் அல்ல. ஒரு தொகுதிக் கரண்டிகளுக்கு முலாம் பூச எடுத்த வெள்ளியின் கிராம் கணக்கு. கத்தியை ஒருபோதும் முழுதாக நிறுத்து வாங்காதீர்கள். கைப்பிடி பெரும்பாலும் பொள்ளல், உள்ளே பிசின் அடைத்திருப்பார்கள், அலகு இரும்பு. முள்ளுக்கரண்டியின் நுனியிலும் கரண்டிக் குழியின் அடியிலும் மஞ்சள் நிறம் தெரிந்தால் முலாம் தேய்ந்துவிட்டது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, சொல்லி விற்ற விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும். கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தரத்தான் வேண்டும். அதில் முத்திரை, நிறை, “வெள்ளி” என்ற சொல் மூன்றையும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். பிறகு முலாம் என்று தெரிந்தால், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. அக்கம்பக்கத்து ஆளிடம் வாங்கி ஏமாந்தால் மத்தியஸ்த சபையை நாடலாம், தெரிந்தே ஏமாற்றியிருந்தால் பொலிஸ் இருக்கிறது. தரம் பார்க்க நம்பகமான பத்தரிடம் காட்டுங்கள். வீட்டில் அமிலம் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள் கவனம். 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் இலங்கையில் தொல்பொருளாகக் கணிக்கப்படலாம். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி வெளியே கொண்டுபோக முடியாது. கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்தது என்று யாராவது கொண்டுவந்தால் கைவைக்கவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன்: மினுக்கக் கொடுக்கும்போது முத்திரையைத் தேய்க்க விடாதீர்கள். உருக்கக் கொடுக்கும் முன் அதைத் தெளிவாகப் படம் பிடித்து, விஷயம் தெரிந்த இன்னொருவரிடமும் காட்டுங்கள்.